பெந்தாம்–ஹூக்கர், ஏ.பி.ஜி., ஃபைலோகோடு: செடிகளை எப்படி அடுக்குவது?

தேக்கு எந்தக் குடும்பம்? பழைய புத்தகத்தில் படித்தவர் வெர்பினேசி என்பார். இப்போது படிப்பவர் லேமியேசி என்பார், அதாவது துளசியும் தும்பையும் இருக்கிற குடும்பம். இரண்டு பேர் சொல்வதிலும் தப்பில்லை, பின்பற்றுகிற முறைதான் வேறு. உலகம், வகுப்பு, துறை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்ற படிநிலைகள் மனப்பாடமாகத் தெரிந்தவர்களும் குழம்புவது இந்த இடத்தில்தான்.

பெந்தாம், ஹூக்கர் என்ற இரண்டு பிரிட்டிஷ் தாவரவியலாளர்கள் வகுத்த பெந்தாம்–ஹூக்கர் முறை 1862-க்கும் 1883-க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக வந்தது. மொத்தம் 202 குடும்பங்கள். அல்லி இதழ்கள் தனித்தனியா, ஒட்டியிருக்கிறதா, இல்லவே இல்லையா என்று கண்ணால் பார்த்தே முதல் பிரிவுக்குப் போய்விடலாம். கையில் பூவும் ஒரு லென்சும் இருந்தால் போதும், காட்டில் உட்கார்ந்தே குடும்பத்தைக் கண்டுபிடிக்கலாம். இந்த வசதியால்தான் நம் நாட்டு ஹெர்பேரியங்களிலும் (உலர்த்திய செடிகளைச் சேமிக்கும் இடங்கள்) தாவர நூல்களிலும் அது இத்தனை காலம் நிலைத்தது. உறவுமுறை என்று பார்த்தால் மட்டும் பலவீனம். விதை மூடாத சைக்கஸும் பைனும் இருவிதையிலைத் தாவரங்களுக்கும் ஒருவிதையிலைத் தாவரங்களுக்கும் நடுவில் செருகப்பட்டிருக்கும். தாமரை அல்லிக் குடும்பத்தில் கிடக்கும்.

ஏ.பி.ஜி. என்பது பூக்கும் தாவரங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு ஆஞ்சியோஸ்பெர்ம் ஃபைலோஜெனி குரூப் (சுருக்கமாக ஏ.பி.ஜி.) என்ற குழு 1998-இல் வெளியிட்ட முறை. 2016-இல் வந்த நான்காம் பதிப்பில் 64 துறைகள், 416 குடும்பங்கள். இதன் விதி ஒன்றுதான்: ஒரு மூதாதையும் அதன் எல்லா வாரிசுகளும் சேர்ந்தால்தான் ஒரு குழு. எருக்கை எடுத்துக்கொள்வோம். அதன் மகரந்தம் தூளாக உதிராமல் கட்டியாக இருக்கும். அதனால் அஸ்கிளப்பியடேசி என்று தனிக் குடும்பம் கொடுத்திருந்தார்கள். டிஎன்ஏவைப் பார்த்தால் அந்தக் கிளை அரளி வகையறாவின் உள்ளேயிருந்தே முளைத்திருக்கிறது. எனவே இரண்டும் இப்போது அப்போசைனேசி. இரண்டையும் ஒடித்துப் பால் வடிவதைப் பார்த்தவருக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. தாமரை விஷயம் அப்படியில்லை. அதன் நெருங்கிய சொந்தம் குளத்திலேயே இல்லை. மக்காடமியா கொட்டை தரும் மரம் இருக்கிற புரோட்டியேல்ஸ் துறையில் அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

இருவிதையிலை என்ற பெரிய பிரிவும் ஒரே கிளையாகத் தேறவில்லை. மிளகும் சீத்தாவும் வேம்பு, அவரை கூட்டத்திலிருந்து விலகித் தனியே நிற்கின்றன. துறைக்கு மேலே ஏ.பி.ஜி. எந்தப் படிநிலைப் பெயரும் தருவதில்லை, வெறும் கிளைகள்தான். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அது. மேலே தெளிவில்லாத இடத்தில் வகுப்பு, துணை வகுப்பு என்று பட்டம் கட்டாமல் விட்டது நேர்மை. குறை என்றால், மால்வேசி போன்ற சில குடும்பங்கள் பலவற்றை விழுங்கி ஊதிவிட்டன. பருத்தி, இலவம், கொக்கோ எல்லாம் ஒரே குடும்பம் என்பதைப் பூவை மட்டும் பார்த்துப் புதியவர் நம்பமாட்டார்.

ஃபைலோகோடு என்பது பரிணாமக் கிளைகளுக்குப் பெயர் வைப்பதற்கான விதித்தொகுப்பு. அது இன்னும் ஒரு படி போய்ப் படிநிலைகளே வேண்டாம் என்கிறது. 2020-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் வாதம் வலுவானது. ஆர்க்கிட் குடும்பத்தில் சுமார் 28,000 சிற்றினங்கள், தாமரைக் குடும்பத்தில் இரண்டே இரண்டு. இரண்டுக்கும் ‘குடும்பம்’ என்றே பெயர். ஒரு மலையில் எத்தனை குடும்பங்கள் என்று எண்ணிப் பல்லுயிர் வளத்தை அளப்பவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

சரி, அப்படியே மாறிவிடலாமா? நான் மாறமாட்டேன். வகைப்பாட்டால் நமக்கு வரும் உண்மையான தொல்லை குடும்பம் மாறுவதில் இல்லை. தேக்கு குடும்பம் மாறியும் டெக்டோனா கிராண்டிஸாகவே இருக்கிறது. பேரினம் உடையும்போதுதான் பெயரே போகிறது, ஏனென்றால் இருசொல் பெயரின் முதல் சொல் பேரினம். அக்கேசியா ஒரே கிளை இல்லை என்று தெரிந்ததும் அதை உடைக்கவேண்டி வந்தது. ஆயிரத்தை ஒட்டிய ஆஸ்திரேலிய இனங்களின் பெயர் மாறாமலிருக்க, 2005-இல் வியன்னாவில் நடந்த சர்வதேசத் தாவரவியல் மாநாட்டில் அந்தப் பெயர் அவற்றுக்கே போனது. 2011 மெல்போர்ன் மாநாடும் அதை உறுதிசெய்தது. நம் கருவேலம் வச்செல்லியா ஆனது. சீமைக் கருவேலமும் 2022-இல் புரோசோபிஸிலிருந்து நெல்டுமாவுக்குப் போய்விட்டது, வன்னி புரோசோபிஸாகவே மிஞ்சியது. ஃபைலோகோடு இந்த நோய்க்கு மருந்து தருவதில்லை. கிளைகளுக்குத்தான் அது பெயர் வைக்கிறது, சிற்றினப் பெயர்களைப் பழைய விதிகளிடமே விட்டுவிட்டது.

ஆக, செடியை அடையாளம் காணப் பெந்தாம்–ஹூக்கர் வழி எழுதிய பழைய நூல்கள், எழுதிவைக்க ஏ.பி.ஜி. குடும்பம். கூடவே பழைய பெயர்களையும் குறித்துவையுங்கள். கருவேலத்தைப் பற்றித் தேடுபவர் அக்கேசியா அராபிகா, அக்கேசியா நிலோட்டிகா, வச்செல்லியா நிலோட்டிகா என்று மூன்றையும் போட்டுப் பார்த்தால்தான் பாதியாவது கிடைக்கும்.