'டெஸ்டட்' என்ற சொல்லை நம்பிப் பழைய ஃபிலிம் கேமரா வாங்காதீர்கள்

பழைய கையடக்க ஃபிலிம் கேமரா ஒன்றை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்றால், பணம் அனுப்புவதற்கு முன் இதை ஒரு முறை படித்துவிடுங்கள். "ஃபிலிம் டெஸ்டட், எல்லாம் பக்காவாக வேலை செய்கிறது" என்று எழுதி விற்ற ஒருவரிடம் நான் ஏமாந்தேன். போனது பணம் மட்டும்தான் என்றால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன்.

நான் வாங்கியது கேனான் கேனனெட் க்யூஎல்17 ஜி-3, 1972-ல் வெளிவந்த மாடல். இதற்காகவே பல மாதம் பணம் சேர்த்தேன். நிறைய வெளிச்சத்தை உள்ளே விடுகிற 40 எம்எம் எஃப்1.7 லென்ஸ் என்பதால் சாயங்கால வெளிச்சத்தில் வீட்டுக்குள்ளேயே ஃப்ளாஷ் போடாமல் எடுக்கலாம். வியூஃபைண்டரின் நடுவில் சின்னதாக ஒரு மஞ்சள் கட்டம் இருக்கும், அதில் இரண்டாகத் தெரிகிற முகம் ஒன்றாகச் சேரும்வரை வளையத்தைத் திருப்பினால் ஃபோகஸ் ஆகிவிடும், அந்த ஒரு நொடி தருகிற சந்தோஷத்தை வேறு எந்தக் கேமராவும் எனக்குத் தந்ததில்லை. லென்ஸுக்குள்ளேயே மெல்லிய பிளேடுகள் திறந்து மூடுகிற லீஃப் ஷட்டர், அதனால் சத்தம் மிகவும் மெல்லியது, பக்கத்தில் இருப்பவர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். பேட்டரி செத்துப்போனாலும் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர்தான் ஓடாது, 1/4 நொடி முதல் 1/500 வரை எல்லா வேகமும் கையால் வைத்து எடுக்கலாம். இத்தனையும் பையின் ஒரு மூலையில் அடங்கிவிடுகிற அளவில்.

விளம்பரத்தில் மூன்று படங்கள், மூன்றும் முன்பக்கம். கூடவே ஒரு சின்ன வீடியோ, லீவரை இழுக்கிறார், பட்டனை அழுத்துகிறார், 'கிளிக்' என்று கேட்கிறது. இந்தக் கேமராவில் எடுத்த படம் இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டேன், ஐந்து படம் அனுப்பினார். நன்றாகவே இருந்தன. டெஸ்ட் செய்தது என்பதால் மற்றவர்களைவிட விலை கூட. சரி, நிம்மதிக்குக் கொடுக்கிற பணம் என்று அனுப்பிவிட்டேன்.

கேமரா வந்தபோது வெளியே ஒரு கீறல் இல்லை. அந்த வாரம்தான் அண்ணன் வேலைக்காக வெளிநாடு கிளம்பினான். முதல் ரோலை அதற்கென்றே வைத்திருந்தேன். அம்மா அவன் பெட்டியில் துணிகளை அடுக்கி, திருப்தியில்லாமல் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்கியது, அப்பா எதுவும் பேசாமல் வாசலில் உட்கார்ந்திருந்தது என்று 36 படம். அவசரப்படாமல், ஒவ்வொன்றுக்கும் ஃபோகஸ் பார்த்து எடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து லேபில் நெகட்டிவைக் கையில் கொடுத்தார்கள். ஒரு படமும் இல்லை, ரோல் முழுக்கத் தெளிவாக, கண்ணாடி மாதிரி. ஓரத்தில் ஃபிலிம் கம்பெனியின் பெயரும் எண்களும் சுத்தமாக வந்திருந்தன, அதாவது கழுவியதில் தவறில்லை. நடுநடுவே கருப்பாகச் சில கோடுகள், பின்மூடி இடுக்கில் நுழைந்த வெளிச்சம். என் வீட்டு மனிதர்கள் யாரும் பதியவில்லை, கசிவு மட்டும் பதிந்திருந்தது.

நடந்தது இதுதான். இந்த வகைக் கேமராக்களில் லென்ஸுக்குள்ளே ஷட்டர் பிளேடுகள் இருக்கும். வருடக்கணக்கில் எண்ணெய் கசிந்து, காய்ந்து, பிளேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கிற பொறி வழக்கம்போலச் சத்தம் போடும், ஆனால் பிளேடு திறக்காது. முன்பக்கத்துப் படத்தைப் பார்த்தால் இது தெரியாது. 'கிளிக்' சத்தத்தைக் காட்டும் வீடியோவால் எதையும் நிரூபிக்க முடியாது என்பதை நான் இப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

விற்றவருக்கு எழுதினேன். முதலில் ஃபிலிம் பழசாக இருக்கும் என்றார். அப்புறம் நான் ஃபிலிமைச் சரியாக மாட்டவில்லை என்றார். க்யூஎல் என்றாலே க்விக் லோடிங், ஃபிலிம் நுனியை இழுத்து வைத்து மூடியை மூடினால் அதுவே பிடித்துக்கொள்ளும், மேலும் கசிவுக் கோடுகள் ரோலின் ஆரம்பம் முதல் கடைசிவரை இருக்கின்றன, ஃபிலிம் நகராமல் அது எப்படி வரும்? இதைக் கேட்டதும், வெளிச்சக் கசிவுதான் ஃபிலிமின் அழகு, அதற்காகத்தான் எல்லோரும் இதை வாங்குகிறார்கள் என்று ஒரு பதில் வந்தது. அதற்குப் பிறகு பதிலே இல்லை. திருப்பி அனுப்ப ஏழு நாள்தான் அவகாசம், ரோலை எடுத்து முடித்துக் கழுவி வருவதற்குள் அது எப்போதோ முடிந்துவிட்டது. ஃபிலிம் கேமரா விஷயத்தில் இந்த ஏழு நாள் அவகாசத்தால் நமக்கு ஒரு பயனும் இல்லை, அது விற்பவருக்கு நன்றாகவே தெரியும்.

அவர் அனுப்பிய ஐந்து படங்களையும் மறுபடி திறந்து பார்த்தேன். இரண்டில் கீழ் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி இருந்தது. கேனனெட்டால் தேதி அச்சடிக்கவே முடியாது, அந்த வசதியே அதில் இல்லை. படங்கள் வேறு கேமராவில் எடுத்தவை. வாங்கும் ஆசையில் இது என் கண்ணில் படவில்லை, உங்கள் கண்ணில் படட்டும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, பின்மூடியைத் திறந்து வைத்து எடுத்த வீடியோ. ஆட்டோவிலிருந்து மாற்றி, லென்ஸை எஃப்1.7-ல் வைத்து, ஷட்டரை 'பி'-யில் (பட்டனை அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும்) போட்டு அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். அப்படியே 1/4, 1/60, 1/500 மாற்றி மாற்றி அழுத்தினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 20 நொடி வேலை, இதற்கு மறுப்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். அதே வீடியோவில் மூடியின் பள்ளங்களையும் காட்டச் சொல்லுங்கள், அங்கே இருக்கிற கருப்பு ஃபோம் உருகித் தார் மாதிரி விரலில் ஒட்டினால் வெளிச்சம் கசியும். லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்தும் பார்க்க வேண்டும். மீட்டர் ஓடுகிறது என்றால் எந்த பேட்டரியில் என்று கேளுங்கள். இது 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்காகச் செய்தது, அது இப்போது தயாரிப்பில் இல்லை. சாதாரண 1.5 வோல்ட் போட்டாலும் முள் அசையும், ஆனால் வெளிச்சத்தின் அளவைக் கூட்டிக் காட்டும், படம் இருண்டு வரும். காதுக் கருவிக்குப் போடுகிற 675 ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட், பலரும் அதைத்தான் போடுகிறார்கள். ஆட்டோவில் வைத்து லென்ஸ் முன்பக்கத்தைக் கையால் முழுவதும் மூடினால் பட்டன் இறங்கக் கூடாது, இறங்கினால் அங்கேயும் ஏதோ கோளாறு.

கேமராவை ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். பிளேடுகளைக் கழுவி, ஃபோமை மாற்றிக் கொடுத்தார். இப்போது நன்றாக வேலை செய்கிறது, எடுக்கிற படங்கள் நான் ஆசைப்பட்டபடியே இருக்கின்றன. அண்ணன் கிளம்பிய வாரத்துப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. எப்போது அனுப்புவாய் என்று அவன் இரண்டு முறை கேட்டுவிட்டான்.

அதே விற்பனையாளர் நேற்று இன்னொரு கேனனெட்டை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். "ஃபிலிம் டெஸ்டட்" என்று அதே வாசகம், முன்பக்கத்துப் படங்கள் மூன்று. பின்மூடியைத் திறந்து வீடியோ அனுப்ப முடியுமா என்று நண்பன் ஒருவனை விட்டுக் கேட்டேன். செய்தியைப் படித்துவிட்டார், இதுவரை பதில் இல்லை.