அம்மாவின் பாட்டுப் பெட்டி: ஆறு வருட அனுபவம்

2019 பொங்கலுக்கு அம்மாவுக்கு ஒரு பாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். பார்க்கப் பழைய டிரான்சிஸ்டர் மாதிரி இருக்கும், உள்ளே ஐயாயிரம் பழைய பாட்டுகளை ஏற்றியே விற்கிறார்கள். அப்போது விலை ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. திருநெல்வேலி பக்கம் முக்கூடலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆறு வருடமாகத் தினமும் பாடுகிறது. வயதானவர்களுக்கு வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். தாராளமாக வாங்கலாம்.

அம்மா எப்படிப் பாட்டுக் கேட்டுப் பழகியவர் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலரைப் போல அவரும் பீடி சுற்றினார். ராத்திரி நனைத்து ஈரச் சாக்கில் பொதிந்து வைத்த இலையைக் காலையில் வெட்ட உட்காரும்போது இலங்கை வானொலியில் ‘பொங்கும் பூம்புனல்’ ஓடும். மடியில் சுளகு, அதில் வெட்டிய இலை, தூள், நூல். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். கையெல்லாம் புகையிலைத் தூளாக இருப்பதால் ரேடியோவைத் தொடவே மாட்டார். வெயில் ஏற ஏற இலங்கை மங்கி இரைச்சல் வந்தால் என்னைக் கூப்பிட்டுத் திருநெல்வேலி நிலையத்துக்குத் திருப்பச் சொல்வார். அந்த நிலையம் 1963-ல் தொடங்கியபோது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. ஆக, இந்தப் பாட்டு வேண்டும் என்று அவர் ஒருநாளும் தேர்ந்தெடுத்ததில்லை. எது வந்ததோ அதைக் கேட்டார்.

பெட்டிக்கு முன்னால் செல்போனில் போட்டுக் காட்டினேன். "எந்தப் பாட்டும்மா வேணும்?" என்று கேட்டால் யோசித்துவிட்டு, "ஏதாச்சும் போடுய்யா" என்பார். இரண்டு நாளில் அது நின்றுபோனது. பெட்டியில் அந்தக் கேள்வியே கிடையாது. குமிழைத் திருப்பினால் டி.எம்.எஸ்., இன்னும் திருப்பினால் சுசீலா. ஆனால் அம்மா எல்லாரும் கலந்து வருகிற இடத்தில்தான் வைத்திருப்பார். ரிமோட்டை இதுவரை அவர் தொட்டதில்லை.

வாங்கிய முதல் வாரமே ‘மலர்ந்தும் மலராத’ வந்தது. 1961-ல் வந்த பாசமலரில் டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் பாடியது. அம்மாவின் வலது கால் தானாக ஆட ஆரம்பித்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. 1978-ல் தங்கச்சி பிறந்தபோது உத்தரத்தில் சேலைத் தொட்டில் கட்டி, அதிலிருந்து ஒரு கயிற்றைத் தன் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு அம்மா பீடி சுற்றுவார். கை ஒரு வேகத்தில் போகும், கால் வேறொரு வேகத்தில் போகும். ரேடியோவில் இந்தப் பாட்டு வந்தால் மட்டும் காலின் வேகம் பாட்டோடு சேர்ந்துவிடும். அந்தப் பாட்டில் பொதிகை மலையின் பெயர் வருகிற இடத்தில் மேற்கே ஒரு பார்வை பார்ப்பார். இப்போதும் பார்க்கிறார். தங்கச்சியைப் பாவூர்சத்திரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். இந்தப் பாட்டு வந்தால் அவளைப் போனில் கூப்பிடச் சொல்லி, ஒன்றும் பேசாமல் போனைப் பெட்டி பக்கத்தில் வைத்துவிடுவார்.

அப்புறம் டி.ஆர். மகாலிங்கத்தின் ‘செந்தமிழ் தேன்மொழியாள்’. 1958-ல் வந்த மாலையிட்ட மங்கை படப் பாட்டு. வயலிலிருந்து வந்து தாமிரபரணியில் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு அப்பா அதைப் பாடிக்கொண்டே தெருவில் வருவார். அந்த உச்சத்தை எட்ட முடியாது, ஆனாலும் விடமாட்டார். 2006-ல் அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பாட்டின் பேச்சை எடுத்ததில்லை. பெட்டி வந்த வருடம் சித்திரையில் ஒரு மத்தியானம், அம்மா முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அது தொடங்கிவிட்டது. நான் எழுந்து பெட்டிப் பக்கம் போனேன். "நிப்பாட்டாதல. அவிய குளிச்சிட்டு வாரது மாதிரி இருக்கு" என்றார். அந்தப் பாட்டை நானாகப் போட்டிருக்கவே மாட்டேன், அம்மாவும் கேட்டிருக்க மாட்டார். எனக்கு இந்தப் பெட்டி கொடுத்த பெரிய விஷயம் இதுதான்.

சரி, பெட்டியின் குணங்கள். குரல் தெளிவாக இருக்கிறது. கீழ்ச்சுரம் அவ்வளவு எழும்பாது. அந்தக் காலப் பாட்டுக்கு அது குறையாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் திருநெல்வேலி நிலையத்தைக் கேட்ட மீடியம் வேவ் கிடையாது, எஃப்.எம். மட்டும்தான், அது எனக்கு வருத்தம். பாட்டின் பெயர் ஆங்கிலத்தில் மட்டும் வருகிறது. அம்மாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, முதல் இசையிலேயே பாட்டைச் சொல்லிவிடுவார்.

பெரிய குறை பேட்டரிதான். முதலில் ஐந்து மணி நேரம் நின்றது, நாலாவது வருடம் இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் ஆறு பெருகி, எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. சாயங்காலம் அரை மணி நேரம் மட்டும் என்று அம்மாவே கணக்கு வைத்து ஓடவிட்டார். அந்த அரை மணிக்கும் பாட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு வண்ணார்பேட்டையில் எழுநூறு ரூபாய்க்குப் பேட்டரி மாற்றினேன். இப்போது நாலு மணி நேரம் நிற்கிறது.

இன்னொரு குறை, சில படங்களின் பாட்டுகள் இதில் இல்லை. அதை ஈடுகட்ட, அம்மாவுக்குப் பிடித்த நாற்பது பாட்டுகளைத் தேடி ஒரு பென் டிரைவில் ஏற்றிப் பெட்டியில் செருகினேன். ஒரு வாரம் ஆசையாகக் கேட்டார். எட்டாம் நாள் குமிழைப் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டார். "அடுத்தது என்னன்னு தெரிஞ்சு போச்சுய்யா" என்றார். பென் டிரைவ் இப்போது அவருடைய வெற்றிலைப் பெட்டிக்குள் கிடக்கிறது.