புது ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது, அந்த அம்மீட்டர் முள்ளைத்தான் சகிக்க முடியவில்லை

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும். எங்கள் 1976 செஸ்னா 172எம் என்ற சின்ன விமானத்தில் போட்ட புது ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் தயாரிப்பது) கனமில்லாதது, சத்தம் போடாதது, இன்ஜின் மெதுவாக ஓடும்போதே சார்ஜ் ஏற்றுவது. பழைய ஃபோர்டு வகை இருந்தபோது, ஹூஸ்டன் வெயிலில் ரன்வேக்குக் காத்து நிற்கும் நேரமெல்லாம், பேட்டரியில் மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்மீட்டரின் முள் மைனஸ் பக்கமே படுத்திருக்கும். லேண்டிங் லைட்டைப் போட்டால் இன்னும் இறங்கும். புதியது அதே 1000 ஆர்பிஎம்மில் முள்ளைப் பூஜ்யத்துக்கு மேலே தூக்கிவிடுகிறது. மூக்கில் சில பவுண்டு குறைந்ததும் லாபம்தான். முன் இருக்கையில் இரண்டு பேர், பின்னால் யாரும் இல்லை என்றால் 172-க்கு மூக்குக் கனம். இறங்கும்போது யோக்கை (விமானத்தைக் கையால் ஓட்டும் பிடி) நன்றாக இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த இழுப்பு இப்போது கொஞ்சம் தளர்ந்தது போலத்தான் தெரிகிறது.

வாங்கும்போது முன்னால் இருந்த வழிகள் இரண்டு. பழைய ஃபோர்டு வகையையே ஓவர்ஹால் செய்து விற்பார்கள். அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ-வின் 8130-3 டேக் என்ற சான்றோடு வரும், நம் பழசைத் திருப்பி அனுப்பும்வரை ‘கோர்’ என்று ஒரு தொகையைப் பிடித்துவைத்துக்கொள்வார்கள். இன்னொன்று, எஸ்டிசி (விமானத்தில் மாற்றம் செய்ய எஃப்ஏஏ தரும் அனுமதி) ஒப்புதலோடு வரும் லேசான புது வகை. இதில் மாற்றத்தைப் பதிவு செய்யும் 337 படிவம், எடைக் கணக்கைத் திருத்துவது என்று காகித வேலை கூடுதல். எதை எடுத்தாலும் நாமே மாட்டிவிட முடியாது. டயர், பேட்டரி, ஆயில் மாற்ற உரிமையாளருக்கே அனுமதி உண்டு, ஆல்டர்னேட்டர் அந்தப் பட்டியலில் இல்லை. வோல்டேஜையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 172-இல் 1978 மாடலிலிருந்து 28 வோல்ட், எங்களுடையது 14. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று எண்ணைச் சரிபார்க்காமல் ஆர்டர் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆல்டர்னேட்டர் போனால் இன்ஜின் நின்றுவிடுமா என்று உறவினர்கள் கேட்பார்கள். நிற்காது. தீப்பொறிக்கு, தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ தனியாக இருக்கிறது. ஆனால் ரேடியோ, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர், இறக்கையின் ஃப்ளாப் எல்லாம் அந்த 25 ஆம்பியர்-மணி பேட்டரியின் தயவில் வந்துவிடும். ஹூஸ்டனின் பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் டிரான்ஸ்பாண்டரும், இருப்பிடத்தை ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பியும் ஓடியாக வேண்டும். அந்த வட்டத்துக்குள் குடியிருக்கிற விமானத்துக்கு ஆல்டர்னேட்டர் ஆடம்பரச் சாமான் இல்லை.

சரி, முள்ளுக்கு வருகிறேன். எங்கள் அம்மீட்டரில் நடுவில் பூஜ்யம், வலப்பக்கம் சார்ஜ், இடப்பக்கம் டிஸ்சார்ஜ். பேட்டரி நிரம்பியபின் முள் பூஜ்யத்துக்குச் சற்று வலப்புறம் அசையாமல் நிற்க வேண்டும். எங்களுடையது நடுங்குகிறது. பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். வாலில் பீக்கன் விளக்கு பளிச்சிடும்போதெல்லாம் ஒரு துள்ளல் இருக்கும், அது நியாயமான துள்ளல், அங்கே நிஜமாகவே மின்சாரம் செலவாகிறது. பீக்கனை அணைத்தும் ஆடினால்தான் நோய். பக்கத்தில் உட்கார்ந்த மனைவி ஒருமுறை கேட்டாள், “அது ஏன் துடிச்சுக்கிட்டே இருக்கு?” அன்றுமுதல் நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் நேரத்தைவிட அதைப் பார்க்கும் நேரம்தான் அதிகம்.

எங்கள் மெக்கானிக் ஆல்டர்னேட்டரைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை மெயின் பஸ்ஸிலும் (எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரம் பிரியும் பட்டை) மறுமுனையை ரெகுலேட்டருக்கு (வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது) போகும் ஒயரிலும் வைத்தார். இரண்டும் ஒரே ஒயர்வழி, வித்தியாசம் கிட்டத்தட்ட இருக்கவே கூடாது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. வழியில் இருப்பவை பிரேக்கர் (மின்சாரம் மிகும்போது துண்டிப்பது), சிவப்பு மாஸ்டர் சுவிட்சில் ஆல்டர்னேட்டருக்கான இடது பாதி, நாற்பது வயது தாண்டிய, ஒயர் நுனியில் நசுக்கிப் பொருத்திய கிரிம்ப் முனைகள். சுவிட்சைக் கழற்றிக் காட்டினார், உள்ளே தொடுமுனை கருகி மேடுபள்ளமாக இருந்தது.

விஷயம் இதுதான். இந்த அமைப்பில் ரெகுலேட்டர் பஸ்ஸின் வோல்டேஜை அளப்பதும், ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு காயிலுக்கு (இதில் ஓட்டம் கூடினால் உற்பத்தியும் கூடும்) மின்சாரம் எடுப்பதும் அதே ஒயரில். வழியில் தடை இருந்தால் பஸ்ஸில் வோல்டேஜ் குறைந்துவிட்டது என்று நினைத்து ஃபீல்டைக் கூட்டும். கூட்டினால் அந்த ஒயரில் ஓட்டம் அதிகம், வோல்டேஜ் இன்னும் விழும், இன்னும் கூட்டும். எல்லை தாண்டியதும் படாரென்று குறைக்கும். மறுபடி முதலிலிருந்து. காது கேட்காத மாமாவிடம் போனில் பேசுவது போல, ஒருவர் கத்தக் கத்த மற்றவரும் கத்துகிறார்.

சுவிட்சை மாற்றியதும் முள் அடங்கியது. சில மாதம் நிம்மதி. பிறகு மெல்லத் தொடங்கியது, இந்த முறை பிரேக்கர். அதையும் மாற்றினோம். இப்போது மறுபடி லேசான நடுக்கம், அடுத்த சந்தேகம் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) இருக்கும் இணைப்பு.

ஆல்டர்னேட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கும் தெரியும். பழையதும் இதே ஆட்டம்தான் ஆடியது. அப்போது வயசாகிவிட்டது என்று மன்னித்தோம். புதுசுக்கு அந்தச் சலுகை கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். இதன் பெயரையும் மாடலையும் இங்கே எழுதாததற்குக் காரணம் அதுதான். செய்யாத தப்புக்கு ஒரு பொருளைத் திட்டிவிட்டு அதன் பெயரையும் போடுவது நன்றாக இல்லை.

பெல்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த லைகாமிங் இன்ஜினில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் ஓடுவது ப்ரொப்பெல்லருக்குப் பின்னால். பெல்ட் மாற்ற ப்ரொப்பெல்லரைக் கழற்ற வேண்டும். அதனால் ஆல்டர்னேட்டர் மாற்றும்போதே புது பெல்ட்டும் போட்டுவிடுங்கள், கூலி ஒன்றுதான். 3/8 இன்ச் புது பெல்ட் என்றால் புல்லி நட்டில் டார்க் ரெஞ்சை வைத்துத் திருகும்போது 11 முதல் 13 அடி-பவுண்டில் வழுக்க வேண்டும், ஓடிப் பழகியது 7 முதல் 9. இது லைகாமிங் சர்வீஸ் இன்ஸ்ட்ரக்ஷன் 1129-இல் இருக்கிறது. 25 மணி நேரம் பறந்ததும் மறுபடி பார்க்கச் சொல்கிறது. பலர் பார்ப்பதில்லை, பெல்ட் தளர்ந்து வழுக்கும்போது ஆல்டர்னேட்டர் மட்டம் என்று சொல்லித் திரிகிறார்கள்.

இதே காலத்து 172 வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார், “அண்ணா, நீங்க போட்டதையே நானும் போட்டுடவா?” வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஓவர்ஹால் செய்த பழைய வகையை வாங்குங்கள், மிச்சமாகும் பணத்தில் மாஸ்டர் சுவிட்ச், பிரேக்கர், முனைகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லுங்கள் என்றேன். “மேலே இவ்வளவு புகழ்ந்துட்டு இப்படிச் சொல்றீங்களே” என்றார். முள் நடுங்காத நாளில் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் பகலில், வார இறுதியில் மட்டும் பறப்பவர், அவருக்கு அது போதும். இரவில் பறப்பவர்கள், பேனலில் திரைகளை அடுக்கியவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம், லேசான புது வகையையே வாங்குங்கள். ஆனால் யாராக இருந்தாலும் ஆர்டர் போடும் முன் பஸ்ஸுக்கும் ரெகுலேட்டருக்கும் இடையில் மல்டிமீட்டரை ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.