விசுவாசமும் அறிவியலும் பேசும் பாட்காஸ்ட்கள்: நெடுநாள் கேட்டபின் தேறுபவை

தொடக்கத்தில் இந்த வகைப் பாட்காஸ்ட் எல்லாமே அருமையாகத்தான் இருக்கும். பெரிய ஆய்வகத்தை நடத்தும் ஒரு விஞ்ஞானி ஜெபத்தைப் பற்றிப் பேசுகிறார் என்பதே போதுமான ஈர்ப்பு. வருடம் தாண்டினால் சரக்கு தெரிந்துவிடும். ஆதாம், ஆறு நாள் படைப்பு, பெருவெடிப்பு, கலிலியோ என்று அதே கேள்விகள் சுற்றிச் சுற்றி வரும். அப்போதும் சலிக்காமல் நிற்பவை, விருந்தினரை அவருடைய துறைக்குள்ளேயே நிறுத்திக் கேள்வி கேட்கும் எபிசோடுகள்தான். கீழே உள்ள மதிப்பீடு முழுக்க இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான்.

முதலில் சேர்க்க வேண்டியது ‘லாங்குவேஜ் ஆஃப் காட்’. மனித மரபணுத்தொகைத் திட்டத்தை வழிநடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் 2007இல் தொடங்கிய பயோலோகோஸ் அமைப்பு, 2019 முதல் இதை வெளியிடுகிறது. தொகுப்பாளர் ஜிம் ஸ்டம்ப் தத்துவம் படித்தவர், விருந்தினர் அவசரமாகத் தாவும் இடத்தில் நிறுத்தி, “அது எப்படித் தெரியும்?” என்ற பாணியில் கேட்கத் தெரிந்தவர். ஒரு எபிசோடு சுமார் ஒரு மணி நேரம். தனி நேர்காணல்களைவிடத் தொடர்களாக வந்தவை கனமானவை. மனிதரின் தனித்தன்மையைப் பேசும் ‘யுனீக்லி யுனீக்’, இயற்கையில் உள்ள வலியையும் சாவையும் பேசும் ‘கிரியேஷன் க்ரோன்ஸ்’ இரண்டும் ஒரே நபரின் வாதத்தில் தொங்காமல் பலரிடம் போய்க் கேட்கின்றன. எழுத்து வடிவம் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும். ஒரு குறை: மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வருவது குறைவு. பரிணாமத்தின் வழியாகவே கடவுள் படைத்தார் என்பது பயோலோகோஸின் நிலைப்பாடு. உரையாடல் அந்த வேலிக்குள்தான் நடக்கும்.

சப்ஸ்கிரைப் செய்யும் முன் எந்தப் பாட்காஸ்டுக்கும் இந்த வேலியைக் கண்டுபிடித்துக்கொள்வது நல்லது. ‘ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ்’ பூமிக்கு ஆறாயிரம் வயது என்னும் தரப்பு. வானியலாளர் ஹ்யூ ராஸ் 1986இல் தொடங்கிய ‘ரீசன்ஸ் டு பிலீவ்’ பூமியின் தொன்மையை ஏற்கும், பரிணாமத்தை ஏற்காது. ‘ஐடி தி ஃப்யூச்சர்’, சியாட்டிலின் டிஸ்கவரி இன்ஸ்டிட்யூட்டுடையது. உயிர்களின் பின்னால் ஓர் அறிவார்ந்த வடிவமைப்பு உண்டு என்று வாதிடுவது. பயோலோகோஸையும் சேர்த்து நான்கும் “விசுவாசமும் அறிவியலும்” என்ற ஒரே பலகையைத்தான் மாட்டியிருக்கும். தளத்தில் “எங்களைப் பற்றி” பக்கத்தையும், எபிசோடு முடிவில் நிதி கொடுத்தவர்களை வாசிக்கும் அரை நிமிடத்தையும் கேளுங்கள். ஜான் டெம்பிள்டன் அறக்கட்டளையின் பெயர் இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும். அதனாலேயே எதுவும் கெட்டுப்போவதில்லை. ஆனால் எந்தக் கேள்விகள் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்விப்புல வாழ்க்கையைப் பேசும் எபிசோடுகளைத்தான் பலரும் தவறாகக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பல கிறிஸ்தவக் கல்லூரிகளில் பேராசிரியர்கள் விசுவாச அறிக்கை ஒன்றில் கையெழுத்திட வேண்டும். வீட்டன் கல்லூரியில் ஆண்டுதோறும். வேலை அந்தக் கையெழுத்தில் நிற்கிறது. 2010இல் பழைய ஏற்பாட்டு அறிஞர் புரூஸ் வால்ட்கி, பரிணாமத்தை மறுத்துக்கொண்டே இருந்தால் திருச்சபை ஒதுக்குப்புறமாகிவிடும் என்ற பொருளில் பயோலோகோஸ் வீடியோ ஒன்றில் பேசினார். அதைத் தொடர்ந்து, தான் பணியாற்றிய இறையியல் கல்லூரியிலிருந்து விலக நேர்ந்தது. ஜிம் ஸ்டம்பும் இப்படி வந்தவர்தான். இண்டியானாவின் பெத்தேல் கல்லூரி, ஆதாமின் படைப்பு குறித்து ஆசிரியர்களுக்குப் புதிய கொள்கை கொண்டுவந்தபோது 2015இல் அங்கிருந்து வெளியேறினார்.

இது தெரிந்தால் காது வேறு மாதிரி வேலை செய்யும். அமெரிக்கக் கிறிஸ்தவக் கல்லூரி உயிரியலாளர் ஒருவர் மரபணுச் சான்றுகளை வரிசையாக அடுக்கிவிட்டு, “ஆதாம் விஷயத்தில் பல பார்வைகள் உண்டு” என்று சட்டென்று முடித்தால், அது அறிவுச் சோம்பல் ஆகிவிடாது. அங்கே பேசுவது வேலை ஒப்பந்தம். அதே கேள்வியைக் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு ஆட்களிடம் கேட்ட எபிசோடைத் தேடிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஆய்வகப் பேராசிரியர் எவரும் விசுவாச அறிக்கைக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. பேச்சில் தளர்வு தெரியும். இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு யோசனை: டெனியூர் (நிரந்தரப் பேராசிரியர் பணி) பெற்றுவிட்டவர் தரும் “தைரியமாகச் சொல்லிவிடுங்கள்” என்ற அறிவுரையை, அவர் எந்த ஆண்டில், எந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார் என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

விவாதம்தான் பிடிக்கும் என்றால் ‘அன்பிலீவபிள்?’. லண்டன் பிரீமியர் வானொலியில் 2005 முதல் ஜஸ்டின் பிரையர்லி நடத்தி, 2023இல் விலகினார். நிகழ்ச்சி அதே பெயரில் தொடர்கிறது. ஆகவே பழைய எபிசோடைக் கேட்டு மயங்கியவர்கள் தேதி பார்த்து இறங்கவும். இதன் கிளையான ‘தி பிக் கான்வர்சேஷன்’ வரிசையில் கணித இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸும் கிறிஸ்தவத் தத்துவவாதி வில்லியம் லேன் கிரேக்கும் சந்தித்த 2019 எபிசோடு என் கணக்கில் மொத்த வகைக்கே உச்சம். பௌதிக உலகம், மன உலகம், கணித உலகம் என மூன்றும் எப்படி ஒன்றோடொன்று தொடர்புபடுகின்றன என்பது தனக்கே புதிர் என்கிறார் பென்ரோஸ். மூன்றுக்கும் அடியில் கடவுளின் மனத்தை வைத்தால் புதிர் அவிழும் என்கிறார் கிரேக். பென்ரோஸ் ஏற்கவில்லை, ஆனால் கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் இல்லை. இருவரும் தத்தம் துறைக்குள் நிற்பதால்தான் இது சாத்தியமானது. இதே தொகுப்பில் சில வாதங்கள் வெறும் பட்டிமன்றமாக முடிவதும் உண்டு.

அடுத்து, காலாவதியான செய்தி. பாட்காஸ்ட் பட்டியலில் எதுவும் நீக்கப்படுவதில்லை என்பதால் பழைய மரபியல் அப்படியே கிடக்கும். மனித மூதாதையர் தொகை எப்போதும் சில ஆயிரங்களுக்குக் கீழே இறங்கியதில்லை, ஆகவே ஒற்றைத் தம்பதிக்கு வழியே இல்லை என்று ஒரு காலத்தில் அடித்துச் சொன்னார்கள். 2017 வாக்கில் மரபியலாளர் ரிச்சர்ட் பக்ஸ் அந்த உறுதியைக் கேள்வி கேட்டார். அதையொட்டிய விவாதத்தில், ஏறத்தாழ ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தைப் பற்றி மரபணுத் தரவு அவ்வளவு உறுதியாகப் பேசாது என்பது தெளிவாயிற்று. 2019இல் உயிரியலாளர் ஜோஷுவா ஸ்வாமிதாஸ் மரபணு வழி மூதாதையர் (நமக்கு மரபணு தந்தவர்), வம்சாவளி மூதாதையர் (மரபணு எஞ்சாவிட்டாலும் குடும்ப மரத்தில் இருப்பவர்) இரண்டும் வேறு என்று பிரித்துக் காட்டியபின் பேச்சின் திசையே மாறியது. ஆதாம் பற்றிய எபிசோடு 2017க்கு முந்தையது என்றால் அதைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெருவெடிப்பு எபிசோடுகளுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பெல்ஜியப் பாதிரியார் ஜார்ஜ் லமெத்ர் 1927இல் விரிவடையும் பிரபஞ்சத்தைப் பற்றி எழுதினார் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்கு ஆதரவாகப் பேசியபோது லமெத்ர் அதை விரும்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று பாருங்கள். சொன்னால் நம்பிக் கேட்கலாம். முதல் பாதியோடு நிறுத்தினால் மீதியும் அப்படித்தான் இருக்கும்.

கேட்கும் வசதி பற்றி. அறிவியலும் மதமும் பற்றி ஆராயும், 2006இல் தொடங்கிய கேம்பிரிட்ஜின் ஃபாரடே நிறுவனம் தன் உரைகளை இலவசமாகத் தருகிறது; உள்ளடக்கம் அபாரம். ஆனால் அரங்கில் பதிவானவை என்பதால் “இந்த வரைபடத்தில் பாருங்கள்” என்று வரும்போது ஆடியோ கைவிட்டுவிடும். தொல்லுயிரியல், வானியல் உரைகளை வீடியோவிலும், வரலாறு, இறையியல் உரைகளை ஆடியோவிலும் வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகங்களில் விசுவாசம் பற்றிய பொது உரையாடல்களை நடத்தும், 1992இல் ஹார்வர்டில் பிறந்த வெரிட்டாஸ் ஃபோரம் பதிவுகளில் மாணவர் கேள்வி நேரமே சாரம். நேரம் இல்லையென்றால் கடைசி அரை மணிக்குத் தாவலாம்.

128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) ஒலிப்பதிவு மணிக்கு 58 எம்பி டேட்டா இழுக்கும், 64 என்றால் பாதி. ஆன்ட்ராய்டில் ஆன்டெனாபாட் செயலி இலவசம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனி வேகம் வைக்கலாம், தொடக்க இசையையும் நன்கொடை அறிவிப்பையும் இத்தனை நொடி தாண்டு என்று கட்டளையிடலாம். நேர்காணலுக்கு 1.2 மடங்கு சரி, விவாதத்துக்கு 1.0 தாண்டினால் இருவர் குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடங்களில் எதுவும் பிடிபடாது. மேற்கோளுக்காக நிமிடம் குறித்து வைப்பவர்கள் கவனிக்க: டவுன்லோடு செய்யும்போதெல்லாம் விளம்பரத்தை மாற்றிச் செருகும் நிகழ்ச்சிகளில் 23:40 மறுமுறை 25:10 ஆகிவிடும். நிமிடத்தோடு அந்த வாக்கியத்தின் முதல் ஐந்தாறு சொற்களையும் எழுதிவைத்தால் எழுத்து வடிவத்தில் தேடிப் பிடிக்கலாம். அந்த எழுத்து வடிவம் இயந்திரம் தானாக எடுத்ததாக இருந்தால் எபிரேய, கிரேக்கச் சொற்களையும் அறிஞர் பெயர்களையும் மட்டும் ஒருமுறை காதால் சரிபார்த்துவிடுங்கள்.