கோர்ஸ் தேடித்தரும் வெப் ஆப்: ஷீட்டா, ஃபயர்பேஸா, ஜாங்கோவா?

கோபி பக்கம் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவரிடம் இணையக் கோர்ஸ்களைத் தேடித்தரும் எங்கள் ஆப்பின் முதல் வடிவத்தைக் கொடுத்துப் பார்த்தோம். தேடினார், ஐஐடிகள் முதலானவை நடத்தும் இணைய வகுப்புத் திட்டமான என்பிடெல்லில் கணக்கியல் கோர்ஸ் ஒன்று கிடைத்தது, அன்றைக்கே சேர்ந்தும் விட்டார். சில வாரம் கழித்து போன் வந்தது. "அண்ணா, வீடியோவெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. பரீட்சைக்கு ஆயிரம் ரூவா கட்டோணும்னு மொதல்லயே போட்டிருக்கலாமுங்க."

அவர் சொன்னது முழுக்க நியாயம். நாங்கள் தலைப்பு, ஆசிரியர், எத்தனை வாரம் என்பதையெல்லாம் போட்டிருந்தோம். அவருக்கு வேண்டியதைப் போடவில்லை. என்பிடெல் பாடத்தில் சேர்வது இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் 1,000 ரூபாய் கட்டி, நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். சேரக் கடைசி நாள் வேறு, தேர்வுக்குப் பதியக் கடைசி நாள் வேறு. வாராவாரம் தரும் பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். பயிற்சியில் 10, தேர்வில் 30 என்று இரண்டிலும் தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ். அதைப் பட்டப்படிப்பின் கணக்கில் சேர்த்து கல்லூரி கிரெடிட் தருமா என்பது அதற்கடுத்த கேள்வி. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை, என்பிடெல் பாடங்களும் இருக்கும் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வழியாக எடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2021 விதி இடம் தருகிறது. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமோ தன்னாட்சிக் கல்லூரியோதான் முடிவு செய்யும்.

ஆக, இப்படியொரு ஆப் கட்டுகிறவர்கள் எந்தத் தொழில்நுட்பத்தை எடுப்பது என்று யோசிக்கும்போது, இந்தக் கட்டணத்தையும் தேதிகளையும் எது பிழையில்லாமல் காப்பாற்றித் தரும் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். நாங்கள் மூன்று வழியிலும் செய்து பார்த்தோம்.

முதல் வழி, கூகுள் ஷீட். கோர்ஸ் விவரங்களை ஷீட்டில் ஏற்றிவிட்டு, அதிலிருந்து பக்கத்தை உருவாக்குவது. நிரல் தெரியாத பேராசிரியர்கூட வரிசை சேர்க்கலாம். செலவு ஒன்றுமில்லை. ஒரு கோடி கட்டங்கள் வரை ஷீட் தாங்கும், நமக்கு அதில் ஒரு மூலை போதும். ஆனால் ஒவ்வொரு மாணவர் பக்கத்தைத் திறக்கும்போதும் ஷீட்டைப் போய்ப் படிக்கும்படி எழுதிவிடக் கூடாது. நிமிடத்துக்கு 300 முறைதான், கூகுளில் ஆப்புக்கென்று பதிந்த ஒரு திட்டக் கணக்கிலிருந்து படிக்க விடுவார்கள். ஒரு துறை மாணவர்கள் மொத்தமும் ஒரே நேரத்தில் திறந்தால் பிழைச் செய்திதான் வரும். இரவு ஒரு தடவை ஷீட்டைப் படித்து, எல்லாப் பக்கங்களையும் வெறும் எச்டிஎம்எல் கோப்புகளாக ஆக்கி, அத்தகைய பக்கங்களை வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. தாளவாடி மலையில் சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் பக்கம் திறந்துவிடும்.

ஷீட்டில் எங்களுக்கு அடி விழுந்தது தேதியில். உதவிக்கு வந்த பையன் ஆகஸ்ட் 3 என்று நினைத்து 03/08 என்று போட்டார். ஷீட்டின் நாட்டு அமைப்பை இந்தியாவுக்கு மாற்றாமல் விட்டிருந்தோம். அது மார்ச் 8 என்று எடுத்துக்கொண்டது. இன்னும் நாள் இருக்கிற கோர்ஸுக்கு 'சேர்க்கை முடிந்தது' என்று பக்கத்தில் காட்டியது. யாரோ ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார் என்று நினைக்கும்போது இப்போதும் மனசு உறுத்துகிறது. ஷீட் எதையும் தடுத்துக் கேட்காது. சரிபார்ப்பு விதிகளை நாமே போட்டாலும், யாராவது நகலெடுத்து ஒட்டும்போது அவை காணாமல் போய்விடும்.

இரண்டாவது, ரியாக்ட் என்ற நிரல் தொகுப்பில் முகப்பு, பின்னால் விவரங்களை வைக்க கூகுளின் ஃபயர்பேஸ் சேவை. இன்று கல்லூரிப் பிள்ளைகள் ப்ராஜெக்ட் என்றாலே இதில்தான் இறங்குகிறார்கள். லாகின், பிடித்த கோர்ஸைச் சேமிப்பது, நினைவூட்டல் எல்லாம் சீக்கிரம் வந்துவிடும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஃபயர்பேஸின் டேட்டாபேஸான ஃபயர்ஸ்டோரின் இலவச அளவு ஒரு நாளைக்கு 50,000 வாசிப்பு. ஒரு பட்டியல் பக்கம் 40 கோர்ஸைக் காட்டினால் அது 40 வாசிப்பு. 1,250 தடவை பக்கம் திறந்தால் அன்றைய கணக்கு தீர்ந்தது. காசு கட்டாத திட்டத்தில் அதற்குமேல் எதுவும் வராது. அமெரிக்கப் பசிபிக் நேர நள்ளிரவில்தான் கணக்கு புதிதாகும், அதாவது நமக்குப் பகல் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை மணி. கடைசி நாள் காலையில் கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்து தேடுகிற மாணவருக்கு இது உதவாது. தற்காலிகச் சேமிப்பு வைத்து வாசிப்பைக் குறைக்கலாம், செய்யத்தான் வேண்டும். அப்புறம், ஃபயர்ஸ்டோரின் வழக்கமான பதிப்பில், தலைப்புக்கும் விவரத்துக்கும் உள்ளே இருக்கும் சொல்லைத் தேடும் முழு உரைத் தேடல் கிடையாது. அதற்கு வேறொரு சேவையை ஒட்ட வேண்டும். தேடித் தருவதற்கென்றே கட்டுகிற ஆப்புக்கு அந்தக் குறை பெரிது.

மூன்றாவது, ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸும். நான் நிற்பது இந்தப் பக்கம்தான். ஜாங்கோ 2005-லிருந்து இருக்கிறது, புதுமை எதுவும் இல்லை. ஆனால் அதனுடன் சேர்ந்தே வரும் நிர்வாகப் பக்கம் இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கிறது. தேதிக்குத் தேதிக் கட்டம், கட்டணத்துக்கு எண் கட்டம். 'தேர்வு நாள், பதிவுக் கடைசி நாளுக்கு முன்னால் வரக்கூடாது' என்று ஒரு விதியை எழுதிவிட்டால், தப்பாகப் போட்டதைச் சேமிக்கவே விடாது. யார் எதைத் திருத்தினார்கள் என்ற பதிவும் இருக்கும்.

நாங்கள் அதில் 'கடைசியாகச் சரிபார்த்த நாள்' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். கோர்ஸின் பெயருக்குக் கீழேயே மாணவருக்கும் அது தெரியும். நிர்வாகப் பக்கத்தில் பழையது மேலே வருகிற மாதிரி வரிசைப்படுத்தி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேர் உட்கார்ந்து மேலிருந்து முப்பது கோர்ஸைத் திறந்து பார்த்துத் திருத்துவார்கள். இந்த ஆப்பில் நாங்கள் செய்ததிலேயே உருப்படியான வேலை எது என்று கேட்டால் இந்தக் கட்டத்தைத்தான் சொல்வேன்.

தேடலில் எங்களை அதிகம் வேலை வாங்கியது தமிழ். போஸ்ட்கிரெஸ்ஸில் தமிழுக்கான தேடல் அமைப்பு உண்டு. உருபு ஏறிய சொல்லை வேருக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஆனால் பிளஸ் டூவில் 'கணக்குப்பதிவியல்' படித்துவிட்டு வருகிற பிள்ளை அதையேதான் தட்டும். கோர்ஸின் தலைப்போ ஆங்கிலத்தில் ஃபைனான்ஷியல் அக்கவுன்டிங் என்று இருக்கும். திருப்பூர்க்காரர் 'பனியன்' என்று தேடுவார், தலைப்பில் நிட்டிங் என்று இருக்கும். கோயமுத்தூர் ஐடிஐ மாணவர் 'லேத்' என்பார். இன்னும் பாதிப் பேர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். எந்த மென்பொருளும் இதைத் தானாகத் தீர்த்துத் தராது. எதுவும் கிடைக்காத தேடல்களைச் சேமித்து, அவற்றுக்கு ஈடான சொற்களை ஒரு தனி அட்டவணையில் நாங்களே ஏற்றினோம். ஒரே டேட்டாபேஸில் எல்லாம் இருப்பதால் இது சுலபமாக முடிந்தது.

குறை இல்லாமல் இல்லை. மாதம் சில நூறு ரூபாய் சர்வருக்குப் போகும். பேக்கப் எடுக்க வேண்டும், பாதுகாப்புத் திருத்தங்களைப் போட வேண்டும். கட்டியவர்கள் படிப்பு முடிந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால் இதையெல்லாம் பார்க்க ஆள் வேண்டும்.

வேர்ட்பிரஸ்ஸையும் பார்த்தோம். கட்டுரை போட நல்லது. இத்தனை கட்டங்களுக்குச் செருகு நிரலுக்கு மேல் செருகு நிரல் போட வேண்டியிருந்ததால் விட்டுவிட்டோம். ஏஐ உரையாடலை மட்டும் வைத்து நடத்தலாமே என்று சிலர் கேட்டார்கள். 'எனக்கு எது பொருந்தும்' என்று பேச அது நன்றாக உதவும். ஆனால் கடைசி நாளையும் கட்டணத்தையும் அது நினைவிலிருந்து சொல்லக் கூடாது, நம் டேட்டாபேஸில் இருந்து எடுத்துத்தான் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தாலும் டேட்டாபேஸ் முதலில் சரியாக இருந்தாக வேண்டும்.

ஒரே துறைக்கு, ஒரு பருவத்துக்கு, இருநூறு கோர்ஸுக்குள் என்றால் ஷீட்டே போதும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் மட்டும் எழுதச் சொல்லுங்கள். மாணவர்கள் லாகின் செய்து சேமிக்கிற வசதிதான் முக்கியம், தேடல் இரண்டாம்பட்சம் என்றால் ஃபயர்பேஸ். ஈரோடு, திருப்பூர், நாமக்கல் என்று பல ஊர்க் கல்லூரிகளுக்குப் பொதுவாக, இரண்டு மூன்று வருஷமாவது நிற்க வேண்டும் என்றால் ஜாங்கோ. எதில் தொடங்கினாலும் கட்டணம், சேரக் கடைசி நாள், தேர்வுப் பதிவுக் கடைசி நாள், தேர்வு நாள், கிரெடிட், சரிபார்த்த நாள் ஆகிய ஆறு கட்டங்களை முதல் நாளே போட்டுவிடுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஏற்கனவே ஏற்றிய ஒவ்வொரு கோர்ஸையும் மறுபடி திறந்து பார்க்க வேண்டிவரும். எங்களுக்கு அதற்கு ஒரு முழு ஆடி மாதம் போனது.