மின்மோட்டார் ஹேண்ட்பீஸ்: எல்லாம் சரி, அந்தத் தலைதான்

கல்லூரி ஜூனியர் ஒருவன் சொந்தமாக கிளினிக் போடுகிறான். "ஏரோட்டரே போதுமா சார், இல்லை எலக்ட்ரிக்குக்குப் போய்விடலாமா?" என்று கேட்டான். பல்லை வெட்டும் கைக்கருவியான ஹேண்ட்பீஸைத்தான் சொல்கிறான்: ஏரோட்டர் காற்றில் சுற்றுவது, எலக்ட்ரிக் மின்மோட்டாரில் சுற்றுவது. கேட்ட நேரம் சரியில்லை. என்னுடைய 1:5 சிவப்பு வளைய காண்ட்ரா ஆங்கிள் (மோட்டாரின் முன்னால் மாட்டும், கியர் உள்ள வளைந்த பகுதி) அப்போதுதான் சர்வீஸிலிருந்து பில்லோடு வந்திறங்கியிருந்தது. போனில் சொல்லத் தொடங்கியது நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதிவிடுகிறேன். மோட்டார் 40,000, கியர் அதை ஐந்தால் பெருக்கினால் 2 லட்சம் ஆர்பிஎம் என்ற கணக்கெல்லாம் கேட்லாக்கிலேயே இருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம். நான் சொல்லவரும் குறை ஒரு கம்பெனியோடு நிற்பதும் இல்லை.

பல்லுக்கு உறையாக மாட்டிய பழைய மெட்டல் கிரவுனை வெட்டி எடுக்கும் அன்றைக்குத்தான் இதன் அருமை தெரியும். ஏரோட்டர் சும்மா சுற்றும்போது மூன்றரை, நான்கு லட்சம் போவது உண்மைதான். பல்லில் வைத்துக் கொஞ்சம் அழுத்தினால் பாதி வேகம் காணாமல் போகும், இன்னும் அழுத்தினால் நின்றேவிடும். அதனால் தொட்டு, விட்டு, மறுபடி தொட்டு வெட்டித்தான் நம் கையெல்லாம் பழகியிருக்கிறது. மோட்டாரில் அந்த விளையாட்டு கிடையாது. 2 லட்சம் என்று வைத்தால் கோபால்ட் குரோமியத்துக்குள் இறங்கினாலும் 2 லட்சம்தான். சுமை ஏறினால் கூடுதல் கரண்ட் இழுத்து வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தலையில் மாட்டும் வெட்டுமுனையான பர் அவ்வளவாக அலைவதில்லை, அதனால் கிரவுன் வந்து உட்காரும் ஓரமான மார்ஜின் சுத்தமாக விழுகிறது. கடைசியில் வேகத்தைக் குறைத்து ஓரத்தை மட்டும் இழைத்து முடிக்கலாம். ஏரோட்டரில் அப்படிக் குறைத்தால் வெட்ட வலுவே இருக்காது.

சத்தமும் பெரிய நிம்மதி. ஏரோட்டர் ஊளையிட்டதுமே நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறவர்கள், இதன் முனகலுக்குப் பேசாமல் படுத்திருக்கிறார்கள். எடை பற்றி டீலர் உட்பட எல்லோரும் பயமுறுத்தினார்கள். முன்னால் காண்ட்ரா ஆங்கிள், பின்னால் மோட்டார், அதற்குப் பின்னால் தடித்த ஹோஸ் என்று கட்டைவிரல் இடுக்கில் கனம் உட்காரத்தான் செய்கிறது. ஹோஸைத் தொடையின் மேல் போட்டு வேலை செய்யப் பழகிவிட்டால் மறந்துவிடும்.

ஒரு சின்ன விஷயம். நம் ஊரில் இதைப் புதுத் தொழில்நுட்பம் என்று விற்கிறார்கள். மோட்டார்தான் மூத்தது. ஜார்ஜ் கிரீன் அமெரிக்காவில் மின்சாரப் பல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1875-இல். போர்டனின் ஏரோட்டர் வந்தது 1957-இல். காற்றின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஓரம்கட்டப்பட்ட மோட்டார், வேகம் கூட்டும் கியர் கைக்கு வந்த பிறகு திரும்பி வந்திருக்கிறது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். ஏரோட்டரின் தலைக்குள் இருப்பது ஒரு சின்னச் சக்கரம், இரண்டு பேரிங், அவ்வளவே. இதில் பர்ரைச் சுழற்றும் கியரும் தலைக்குள்தான் உட்காரவேண்டும். அதனால் என்னுடையதில் தலை ஒரு சுற்று பெரிது. மேல் கடைவாயில் ஏழாம் பல்லின் பின்பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். வாய் சரியாகத் திறக்காத நோயாளி என்றால் பர் பல்லைத் தொடுமுன் தலையின் முதுகு கன்னத்தைத் தொட்டுவிடும். அந்த முதுகில்தான் பர்ரைக் கழற்றும் புஷ் பட்டன் இருக்கிறது. பட்டனுக்கும் கீழே பர்ரைப் பிடித்துச் சுழலும் சக்குக்கும் நடுவே இருப்பது மயிரிழை இடைவெளி, பட்டனைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். கன்னம் அழுத்தி அந்த இடைவெளி மூடினால் பட்டன் சக்கின் மேல் உரசும். 2 லட்சம் சுற்றில் உரசினால் எவ்வளவு சீக்கிரம் சுடும் என்று விளக்க வேண்டியதில்லை.

இது பல் பார்க்கும் கண்ணாடியால் கன்னத்தை ஒதுக்கிச் சமாளிக்கக்கூடியது. பேரிங் சூடு அப்படி இல்லை. ஏரோட்டரில் பேரிங் போனால் அதுவே ஊரைக் கூட்டிவிடும்: சத்தம் மாறும், பர் ஆடும், வேகம் விழும், வெட்டாது. அழுக்கடைந்த பேரிங்கை இழுத்துச் செல்லக் காற்றுக்கு வலு கிடையாது. மோட்டாருக்கு வலு உண்டு. பேரிங் முரண்டு பிடித்தால் அதையும் ஒரு சுமையாக எண்ணி இன்னும் கொஞ்சம் கரண்ட் இழுத்து அதே 2 லட்சத்தில் ஓட்டிக்கொண்டே இருக்கும். மிச்சச் சக்தி முழுக்கத் தலையில் சூடாக இறங்கும். பர் நன்றாகத்தான் வெட்டும். நான் பிடித்திருப்பது உடல்பகுதியை, அதுவும் கிளவ்ஸோடு, எனக்குச் சூடு வராது. நோயாளிக்கு ஊசி போட்டு மரத்திருக்கிறது, அவருக்கும் தெரியாது.

கற்பனைப் பயம் இல்லை இது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2007 டிசம்பரிலேயே இதற்கென்று தனி எச்சரிக்கை விட்டது. சரியாகப் பராமரிக்காத மின் ஹேண்ட்பீஸ்கள் சூடாகி நோயாளிகளுக்குத் தீக்காயம், சிலருக்கு பிளாஸ்டிக் சர்ஜரி தேவைப்படும் அளவுக்கு. அதற்குப் பிறகு சூடு தாங்கும் பட்டன்கள் வந்திருக்கின்றன. பியன்-ஏர் கம்பெனியின் கூல்டச் அந்த வகை. நல்ல ஏற்பாடுதான், பட்டன் உரசும் சூட்டுக்கு.

என் கிளினிக்கில் யாருக்கும் சுடவில்லை. நோயாளி மாறும் இடைவெளியில் தலையை மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம், அப்படித்தான் இந்த முறை பேரிங் சூடு பிடிபட்டது. ஆத்திரம் எங்கே என்றால், என் மேஜையில் இருக்கும் கன்ட்ரோல் பெட்டி ரூட் கெனால் மோடில் ஃபைல் (வேர்க்குழாயைச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பி) கொஞ்சம் இறுகினாலே டார்க்கை (சுழற்றும் விசையை) அளந்து, நிறுத்தி, பின்னோக்கிச் சுழற்றிவிடுகிறது. அவ்வளவு அறிவுள்ள பெட்டி. அதே பெட்டி 1:5-இல், பல்லைத் தொடாமல் சும்மா சுற்றும்போதே வழக்கத்தைவிட அதிகக் கரண்ட் போகிறது என்றால் ஒரு விளக்காவது போடக்கூடாதா? அளக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. சொல்லத்தான் வாய் இல்லை. இத்தனை விலை கொடுத்து வாங்கிவிட்டு மணிக்கட்டை தெர்மாமீட்டராக்கி வைத்திருக்கிறேன்.

சர்வீஸ் சென்டரின் முதல் கேள்வி "ஆயில் போடுவதில்லையா டாக்டர்?" போடுகிறோம். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும், கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைப்பதற்கு முன், பின்பக்கமாக ஸ்ப்ரே அடித்து, தலையிலிருந்து வரும் எண்ணெய் தெளியும்வரை. சக்குக்குத் தனியாக. மோட்டாருக்குள் எண்ணெய் இறங்காமலிருக்க ஹேண்ட்பீஸை நிமிர்த்தி வைத்து வடியவிட்டு. அசிஸ்டென்ட் எழுதி வைத்த நோட்டையே போட்டோ எடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை, பில் வந்தது. ஏரோட்டர் என்றால் சக்கரமும் பேரிங்கும் சேர்ந்த கார்ட்ரிட்ஜை நானே மூடியைத் திருகி மாற்றிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்பேன். இதைப் பார்சல் கட்டி அனுப்பவேண்டும், திரும்பி வரும்வரை மாற்று ஹேண்ட்பீஸும் தரமாட்டார்களாம்.

அந்த இடைவெளியில் பழைய ஏரோட்டரில் கிரவுன் பிரெப் (கிரவுனுக்காகப் பல்லை இழைப்பது) செய்தேன். நியாயமாகச் சொன்னால் எரிச்சலாக இருந்தது. தொட்டு விட்டு, தொட்டு விட்டு, காதுக்குள் அந்த ஊளை வேறு. மார்ஜினை ஒழுங்குபடுத்த இரண்டு மடங்கு நேரம் பிடித்தது.

சரி, ஜூனியருக்கு என் பதில்: வாங்காதே. புது கிளினிக்கில் 1:5 ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டு அது சர்வீஸுக்குப் போனால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டும். இரண்டு வாங்கப் பணம் இருந்தால் அந்தப் பணத்துக்கு நல்ல ஏரோட்டர் மூன்று, ஒரு உருப்படியான ஆட்டோகிளேவ் வாங்கு. "அப்போ உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுங்கள் சார்" என்றான். அதைக் கொடுப்பதாக இல்லை.