‘சோஸோ’: குணமாக்கியதா, இரட்சித்ததா?

“ஹே பிஸ்டிஸ் ஸூ ஸெஸோகென் ஸெ.” கிரேக்கத்தில் ஐந்தே சொற்கள். ‘உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது’ என்றும் சொல்லலாம், ‘குணமாக்கியது’ என்றும் சொல்லலாம். அதிலுள்ள ‘ஸெஸோகென்’, ‘சோஸோ’ என்ற வினையின் ஒரு வடிவம். சுவிசேஷங்களில் இதை நான்கு பேரிடம் இயேசு சொல்கிறார்: பெரும்பாடுள்ள பெண், சீமோன் வீட்டில் அவர் பாதங்களைக் கண்ணீரால் நனைத்த பெண், குருடன் பர்திமேயு, திரும்பி வந்த சமாரியக் குஷ்டரோகி. நால்வரிடமும் கிரேக்கம் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் ஆளுக்கு ஆள் மாறிவிடும்.

1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளை எடுத்துக்கொள்வோம். சீமோன் வீட்டுப் பெண்ணுக்கு ‘சேவ்ட்’, அதாவது இரட்சித்தது. பெரும்பாடுள்ள பெண்ணுக்கும் குஷ்டரோகிக்கும் ‘மேட் தீ ஹோல்’, அதாவது முழு நலமாக்கியது. பர்திமேயுவின் நிலை இன்னும் விசித்திரம். மாற்கு 10:52-ல் அவனுக்குக் கிடைப்பது ‘ஹோல்’. அதே சம்பவத்தை லூக்கா சொல்லும் 18:42-ல் ‘சேவ்ட்’. இது கவனக்குறைவு அல்ல. ஒரே சொல்லுக்கு ஒரே சொல் என்று தங்களைக் கட்டிப்போட்டுக்கொள்ளவில்லை என அந்த மொழிபெயர்ப்பாளர்கள் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார்கள்.

‘சோஸோ’ என்ற வினைக்கு அடியில் இருக்கும் கருத்து, ஆபத்திலிருந்து பத்திரமாகக் கொண்டுசேர்ப்பது. புதிய ஏற்பாட்டில் நூறு முறைக்கு மேல் வருகிறது. புயலில் சீஷர்கள் கத்துவதும் (மத்தேயு 8:25), தண்ணீரில் அமிழும் பேதுரு அலறுவதும் இதே வினைதான். அப்போஸ்தலர் 27-ல் கப்பல் உடையப்போகிறது. மாலுமிகள் கப்பலில் இருந்தால்தான் தப்பமுடியும் என்று பவுல் சொல்வதும் இதைக்கொண்டுதான். ‘தமது ஜனங்களின் பாவங்களை நீக்கி அவர்களை இரட்சிப்பார்’ என்ற மத்தேயு 1:21-லும் இதுவே. உடல், உயிர், கடல், பாவம் என்று கிரேக்கம் தனித்தனிப் பெட்டி போடவில்லை.

ஆங்கில ‘சேவ்’ ஒரு காலத்தில் ஏறக்குறைய இவ்வளவையும் தாங்கியது. அதன் வேரான லத்தீன் ‘சால்வுஸ்’ பத்திரம், ஆரோக்கியம் இரண்டையும் குறிக்கும். ஆனால் சபை வழக்கில் ‘சேவ்ட்’ என்றாலே ஆத்துமா என்று ஆகிவிட்டது. அதனால் நோயாளி வரும் இடமெல்லாம் மொழிபெயர்ப்பாளர் வேறு சொல் தேடுகிறார். இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்பான என்.ஐ.வி. (நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன்) மாற்கு 5:34-ல் ‘ஹீல்ட்’, லூக்கா 17:19-ல் ‘மேட் யூ வெல்’, லூக்கா 7:50-ல் ‘சேவ்ட்’ என்று மூன்று சொல் போடுகிறது. வாசிக்கச் சுலபம், ஒப்புக்கொள்கிறேன். 1862-ல் ராபர்ட் யங் வெளியிட்ட சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்போ மூன்று இடத்திலும் ‘சேவ்ட்’ என்றே நிற்கிறது. நடை கரடுமுரடு. ஆனாலும் இந்த வசனங்களில் என் ஓட்டு அதற்குத்தான்.

ஏன் என்பதற்கு லூக்கா 17-ஐ வரிவரியாகப் பார்த்தால் போதும். பத்துக் குஷ்டரோகிகள் போகையில் ‘சுத்தமானார்கள்’. அங்கே வினை ‘கதரிட்ஸோ’. ஒருவன் தான் ‘ஆரோக்கியமானதைக்’ கண்டு திரும்புகிறான். அது ‘இயாஓமாய்’, மருத்துவம் சார்ந்த வினை. அவன் காலில் விழுந்து நன்றி சொன்ன பிறகுதான் ‘சோஸோ’ வருகிறது. மூன்று வினைகள், மூன்று படிகள். நோய் தீர்ந்தது பத்துப் பேருக்கும். மூன்றாவது வினை ஒருவனுக்கு மட்டும். இங்கே ‘உன் விசுவாசம் உன்னைச் சுகமாக்கியது’ என்று ஆங்கிலம் சொன்னால், மற்ற ஒன்பது பேரும் சுகமாகித்தானே போனார்கள் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. லூக்கா அடுக்கியதைச் சரித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பேதுருவின் பேச்சிலும் இதே நஷ்டம். அப்போஸ்தலர் 4:9-ல், நடக்கத் தொடங்கி அங்கே நிற்கும் சப்பாணி எதனால் ‘சோஸோ’ ஆனான் என்று ஆரம்பிக்கிறார். 4:12-ல் நாம் ‘சோஸோ’ ஆவதற்கு வேறொரு நாமம் இல்லை என்று முடிக்கிறார். கண்முன் நிற்கும் கால்களைக் காட்டி எல்லோருக்குமான இரட்சிப்புக்குப் போகும் வாதம் அது. ஆங்கிலத்தில் முதலில் ‘ஹீல்ட்’, பிறகு ‘சேவ்ட்’. பேதுரு பாதியில் பேச்சை மாற்றிவிட்டதுபோல் கேட்கிறது.

சரி, அப்படியானால் எல்லா இடத்திலும் ‘சேவ்’ போட்டுவிடலாமா? முடியாது. யோவான் 11:12-ல் லாசரு தூங்கினால் ‘சோஸோ’ ஆவான் என்கிறார்கள் சீஷர்கள். அவர்கள் நினைப்பது வெறும் தூக்கத்தையும் உடம்பு தேறுவதையும்தான். அங்கே ‘தேறிவிடுவான்’ என்பதே நேர்மை.

இன்னொரு வழியும் புழக்கத்தில் இருக்கிறது. அதுதான் மிக மோசம். ‘சோஸோ என்றால் இரட்சிப்பு, சுகம், விடுதலை, செழிப்பு எல்லாம்’ என்று அகராதியின் மொத்தப் பட்டியலையும் ஒவ்வொரு வசனத்திலும் கொட்டுவது. பிரசங்கங்களில் இது அடிக்கடி காதில் விழும். ஒரு சொல்லின் எல்லாப் பொருளும் ஒரே இடத்தில் ஒன்றாக இருக்காது என்பதை ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் பார் 1961-லேயே கடுமையாக எழுதிவிட்டார். கப்பலில் பவுல் பேசியது உயிர் பிழைப்பதைப் பற்றி. அதற்குள் செழிப்பைத் திணிக்க இடமில்லை.

தமிழில் புராட்டஸ்டன்ட் சபைகளில் வழங்கும் பழைய வேதாகமம் இதில் ஆங்கிலத்தைவிடத் துணிச்சலாக இருக்கிறது. அந்த நால்வருக்கும் ‘உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது’தான். அதிலும் மாற்கு 5:34-ஐப் பாருங்கள்: ‘இரட்சித்தது’ என்று சொல்லி, பிறகு ‘சுகமாயிரு’ என்று தனியாக முடிக்கிறது. கிரேக்கத்திலும் அங்கே ‘சோஸோ’வும் ‘ஹுகியேஸ்’ என்ற வேறு சொல்லும் உண்டு. கிங் ஜேம்ஸ் இரண்டையும் ‘ஹோல்’ என்றே எழுதிக் கலந்துவிட்டது. ஆனால் பழைய வேதாகமமும் கடைசிவரை பிடித்து நிற்கவில்லை. ஆறு வசனம் முன்னால் அந்தப் பெண் தனக்குள் சொல்லிக்கொண்டதும் ‘சோஸோ’தான், அதை ‘சொஸ்தமாவேன்’ என்று போட்டுவிட்டது. அவள் நினைத்த சொல்லையே எடுத்து இயேசு அவளுக்குத் திருப்பிச் சொல்கிறார் என்பது இதனால் தெரியாமல் போகிறது. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ஆங்கிலத்தின் வழியில் போய், இவளுக்கு ‘குணமாக்கிற்று’ என்றும் சீமோன் வீட்டுப் பெண்ணுக்கு ‘மீட்டது’ என்றும் பிரிக்கிறது.

திருவிவிலியத்தின் தமிழ் இன்றைய காதுக்கு நெருக்கம். தினசரி வாசிப்புக்கு அது நல்லது. ஆனால் இந்த ஐந்து சொற்கள் வரும் இடங்களில் பழைய வேதாகமத்தையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் படிப்பவர்கள் என்.ஐ.வி.யோடு யங்கையும் சேர்த்துப் பார்க்கலாம். அப்புறம் யாக்கோபு 5:15-க்குப் போங்கள். விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை ‘சோஸோ’ செய்யும் என்கிற வசனம் அது. பழைய வேதாகமம், கிங் ஜேம்ஸ் இரண்டும் ‘இரட்சிக்கும்’ என்கின்றன, என்.ஐ.வி. ‘சுகமாக்கும்’ என்கிறது. அதே வசனத்தில் பாவமன்னிப்பும் வருவதால், இங்கேயும் நான் பழையவற்றின் பக்கம்தான்.